கிராமப் பள்ளிக்கு எந்த இணைப்பு? ஃபைபர், 4ஜி, ரேடியோ லிங்க், செயற்கைக்கோள், இணையமில்லாப் பெட்டி: ஓர் ஒப்பீடு

கிராமப் பள்ளிக்கு இணையம் கொண்டுவரும் பேச்சு எழுந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை எம்பிபிஎஸ் வரும்?" என்றுதான். அது இணைய வேகத்தின் அளவு. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இணைப்பு அறுந்தால் சரிசெய்யப் போவது யார், அவர் வந்து சேர எத்தனை நாளாகும்? வேகம் குறைந்த இணைப்பை வைத்து ஆசிரியர்கள் சமாளித்துவிடுவார்கள். மூன்று வாரம் செத்துக்கிடந்து மூன்று நாள் உயிர்பெறும் இணைப்பை நம்பி யாரும் பாடத்திட்டம் போடமாட்டார்கள். அதனால் கீழே உள்ள ஐந்து வழிகளையும் வேகத்தோடு சேர்த்துப் பழுதுபார்ப்பையும் வைத்தே எடைபோடுகிறோம்.

வேகம் எவ்வளவு தேவை என்பது பாடம் நடத்தும் முறையைப் பொறுத்தது. 480பி தரத்தில் ஒரு வீடியோ ஓட 1 முதல் 1.5 எம்பிபிஎஸ் போதும். முப்பது பிள்ளைகள் ஆளுக்கொரு திரையில் தனித்தனியே பார்த்தால் 30 முதல் 45 எம்பிபிஎஸ் வேண்டும். அதே வீடியோவை ப்ரொஜெக்டரில் எல்லோருக்கும் காட்டினால் 1.5 போதும். பாடம் அதேதான், தேவை முப்பது மடங்கு மாறுகிறது. எந்த நிறுவனத்திடம் எந்த பிளான் வாங்குவது என்று அலையும் முன் ஆசிரியர்களோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

ஃபைபர்

கிடைக்கும் இடத்தில் ஃபைபருக்கு, அதாவது ஒளியைச் சுமக்கும் கண்ணாடி இழைக் கேபிளுக்கு, நிகராக எதுவும் இல்லை. இன்று பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஒரே இழை கீழ்நோக்கி 2.5 ஜிபிபிஎஸ், மேல்நோக்கி 1.25 ஜிபிபிஎஸ் சுமக்கிறது (1 ஜிபிபிஎஸ் என்பது 1000 எம்பிபிஎஸ்). அது வழக்கமாக 32 இணைப்புகளாகப் பிரிக்கப்பட்டு, 20 கி.மீ. வரை போகும். மழையோ மேகமோ அதைத் தொடாது.

ஒளி இழப்புக் கணக்கு தெரிந்திருந்தால் பல தகராறுகளைத் தவிர்க்கலாம். வழியில் ஒளி எவ்வளவு குறைகிறது என்பதை டிபி (டெசிபல்) என்ற அளவில் சொல்வார்கள். 32 ஆகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் சுமார் 17 டிபி போகும். கிலோமீட்டருக்கு 0.35 டிபி வீதம் 15 கி.மீ.க்கு 5.25 டிபி. இணைப்பிகளுக்கும் ஒட்டுகளுக்கும் 2 டிபி வைத்துக்கொள்ளுங்கள். ஆக 24 டிபிக்குக் கொஞ்சம் மேல். கருவிகள் தாங்குவது பெரும்பாலும் 28 டிபி. மிச்சம் 4 டிபிகூட இல்லை. கேபிள் அறுந்து அறுந்து ஒட்டப்படும்போதும், ஒட்டுப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும்போதும் அந்த மிச்சம்தான் கரைகிறது. பள்ளியில் ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி கருவிக்கு வந்துசேரும் ஒளி மைனஸ் 27 டிபிஎம்முக்குக் (டிபிஎம் என்பது சிக்னலின் பலத்தைச் சொல்லும் அளவு) கீழே போனால் இணைப்பு வந்து வந்து போகும். பொருத்தும் நாளன்று பவர் மீட்டரில் அளந்து, அந்த எண்ணைக் கருவியின் மேலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து வரும் பழுதைக் கண்டுபிடிக்க அது ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும்.

இன்னொரு சில்லறைப் பழுது அடிக்கடி வருகிறது. பச்சை முனை கொண்ட இணைப்பியை நீல முனைக்கான துளையில் செருகிவிடுகிறார்கள். உள்ளே போய்விடும், ஆனால் பச்சையின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்தின் முகம் நேரானது. இரண்டும் பொருந்தாமல் ஒளி சிதறும்.

ஃபைபரின் பலவீனம் பழுதுபார்ப்பில்தான் இருக்கிறது. சாலை தோண்டும் இயந்திரம் கேபிளை வெட்டினால் அதை ஒட்ட ஃப்யூஷன் ஸ்ப்ளைசர் வேண்டும், வெட்டு எங்கே என்று கண்டுபிடிக்க ஓடிடிஆர் வேண்டும். இரண்டும் ஊரில் இருக்காது. அருகில் உள்ள ஒட்டுக்குழு எங்கே இருக்கிறது, எத்தனை மணி நேரத்தில் வருவதாக எழுதிக்கொடுக்கிறார்கள் என்பதைக் கேட்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டாம்.

4ஜி ரவுட்டர்

ஒரே நாளில் முடிந்துவிடும் வேலை. அதனால்தான் பெரும்பாலான பள்ளிகள் இதில் தொடங்குகின்றன. அங்கேயே தேங்கியும் விடுகின்றன.

வழக்கமான தவறு, ரவுட்டரைத் தகரக் கூரைக்கு அடியில் அலமாரியில் வைப்பது. தகரம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டாவது தவறு, அதைச் சரிசெய்வதாக நினைத்துக் கூரைமேல் ஆன்டெனா வைத்து, அங்கிருந்து மெல்லிய கோஆக்ஸியல் கேபிளைப் பத்து மீட்டர் கீழே இழுப்பது. 2 கிகாஹெர்ட்ஸ் அருகே அந்தக் கேபிளில் மீட்டருக்கு 0.8 முதல் 1 டிபி வரை இழப்பு. பத்து மீட்டரில் வந்த சிக்னலில் ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆன்டெனாவும் மோடமும் ஒரே பெட்டியில் உள்ள வெளிப்புறக் கருவியை வாங்கிக் கம்பத்தில் ஏற்றி, நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் கொடுத்துவிடுவது சரியான வழி. அந்தக் கேபிள் 100 மீட்டர் வரை போகலாம்.

கருவியின் அமைப்புப் பக்கத்தைத் திரையில் திறந்து இரண்டு எண்களைப் பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்) மைனஸ் 90க்கு மேல் இருந்தால் நல்லது, மைனஸ் 110க்குக் கீழே போனால் சிரமம். அதைவிட எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு தெளிவு என்ற அளவு) முக்கியம்: 13க்கு மேல் இருந்தால் நிம்மதி, பூஜ்யத்தை நெருங்கினால் பயனில்லை. சிக்னல் பலமாக இருந்தும் எஸ்ஐஎன்ஆர் மோசமாக இருந்தால் இரண்டு டவர்களின் அலைகள் மோதுகின்றன என்று பொருள். கம்பத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி, இந்த எண் எங்கே உச்சம் தொடுகிறதோ அங்கே இறுக்குங்கள்.

டேட்டா வரம்புதான் இதன் பெரிய தொல்லை. விடுமுறை முடிந்து பத்து விண்டோஸ் கணினிகளை ஒரே காலையில் போட்டால், ஒவ்வொன்றும் பல ஜிபி அப்டேட் இறக்கத் தொடங்கும். ஒவ்வொரு கணினியிலும் "மீட்டர்டு கனெக்‌ஷன்" அமைப்பை (இது டேட்டா வரம்புள்ள இணைப்பு என்று கணினிக்குச் சொல்வது) முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். டவரிலேயே கோளாறு என்றால் பள்ளி செய்யக்கூடியது காத்திருப்பது மட்டுமே.

ரேடியோ லிங்க்

பக்கத்து ஊரில் ஃபைபர் இருக்கிறது, இங்கே இல்லை. நடுவில் பத்து கி.மீ. இந்த நிலையில் பலரும் எண்ணிப்பார்க்காத, ஆனால் எங்கள் கணிப்பில் கிராமங்களுக்கு மிகவும் ஏற்ற வழி இது. உரிமம் தேவைப்படாத 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரு முனையிலும் ஒவ்வொரு டிஷ் ரேடியோ வைத்தால் ஐம்பது முதல் சில நூறு எம்பிபிஎஸ் வரை கொண்டுவரலாம். அனுப்பும் திறன் வரம்பு நாட்டுக்கு நாடு மாறும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு முனையிலிருந்து மறுமுனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை பரவும் பகுதி நடுவில் பருத்து, முனைகளில் ஒடுங்கி இருக்கும். அதற்கு ஃப்ரெனல் மண்டலம் என்று பெயர். பத்து கி.மீ. தூரத்துக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸில், நடுவில் அதன் ஆரம் 11.4 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 6.8 மீட்டராவது தடையின்றி இருக்க வேண்டும். பூமியின் வளைவுக்கு இன்னும் ஒன்றரை மீட்டர். ஆக நடுவழியில் உள்ள மரத்தின் உச்சியைவிட சுமார் எட்டரை மீட்டர் உயரத்தில் பார்வைக்கோடு போக வேண்டும். மரம் வளரும் என்பதால் பத்து என்று வைத்துக்கொள்வது நல்லது. வறண்ட மாதத்தில் நன்றாக ஓடிய லிங்க் மழைக்காலத்தில் படுத்துவிட்டால், குற்றவாளி அனேகமாக மழை இல்லை, தழைத்து நனைந்து நிற்கும் இலைகள்தான்.

அடுத்து சிக்னல் கணக்கு. பத்து கி.மீ.க்கு வெட்டவெளி இழப்பு சுமார் 128 டிபி. அனுப்பும் திறன் 20 டிபிஎம், இரு முனை டிஷ்களும் தலா 25 டிபி என்றால், வந்துசேர வேண்டியது மைனஸ் 58 டிபிஎம். டிஷ்ஷைத் திருப்பும்போது மைனஸ் 72 வந்ததும் "கிடைத்துவிட்டது" என்று இறுக்கிவிடுவார்கள். அது டிஷ்ஷின் பக்கவாட்டில் கசியும் பலவீனமான கதிர், நடுக்கதிர் இல்லை. கணக்குக்கும் கையில் கிடைப்பதற்கும் நான்கு டிபிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நிறுத்தக்கூடாது. ஒரு முனையை அசையாமல் வைத்துக்கொண்டு, மறுமுனையை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தி உச்சத்தைத் தாண்டிப் போய்த் திரும்ப வாருங்கள். பிறகு மேலும் கீழும் அப்படியே. முடிந்ததும் மறுமுனையில் அதே வேலை.

கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவையே. கேபிள் கருவிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கே சொட்டிவிடும், விடாவிட்டால் உள்ளே இறங்கும். கம்பத்துக்குத் தரை இணைப்பும் கேபிளின் இரு முனையிலும் சர்ஜ் தடுப்பானும் (திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் கருவி) இல்லையென்றால் ஓர் இடி போதும். ரேடார் அலைவரிசையில் விழும் சானலைத் தேர்ந்தெடுத்திருந்தால், ரேடார் தடம் கேட்டதும் ரேடியோ அந்தச் சானலை விட்டு விலகி, புதிய சானலும் அதே வகையாக இருந்தால் ஒரு நிமிடம் காது கொடுத்துவிட்டுத்தான் மீண்டும் பேசும். காரணமில்லாமல் நாளுக்கு இரண்டு மூன்று முறை அறுகிறது என்ற புகாரில் இதை முதலில் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும் ஊர் இளைஞர்கள் கற்றுக்கொள்ளலாம் என்பதே இந்த வழியின் பெரிய பலம். நேபாளத்தின் மியாக்தி மாவட்டத்து நாங்கி கிராமத்திலிருந்து மகாபீர் புன் மலைக்கிராமங்களை வைஃபையால் இணைத்தது இப்படித்தான். 2007இல் அவருக்கு ராமன் மகசேசே விருது கிடைத்தது. ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2004இல் தொடங்கிய குய்ஃபி.நெட் ஊரார் தாமே நிறுவிப் பராமரிக்கும் வலையமைப்பாக வளர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் மன்கோசியில் ஜென்ஸெலெனி என்ற பெயரில் மக்கள் கூட்டுறவே இணையச் சேவை நடத்துகிறது.

செயற்கைக்கோள்

மற்ற எதுவும் எட்டாத இடத்துக்கு இதுதான் வழி. ஆனால் பழைய வகையையும் புதிய வகையையும் ஒன்றாக எண்ணக்கூடாது. பழைய வகையான நிலைசுற்றுப் பாதைச் செயற்கைக்கோள் (பூமியோடு சேர்ந்து சுற்றி, வானில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரிவது) 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. கேள்வி போய் பதில் வர அந்தத் தூரத்தை நான்கு முறை கடக்க வேண்டும்; ஒளிக்கே கிட்டத்தட்ட அரை விநாடி. வீடியோ அழைப்பில் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கித் தடுமாறுவது இதனால்தான். ஸ்டார்லிங்க் போன்ற புதிய வகைச் சேவைகளின் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன, தாமதம் பெரும்பாலும் 25 முதல் 60 மில்லிவிநாடிக்குள் அடங்கும்.

மின்சாரத்தை மறந்துவிட்டு இதை வாங்குபவர்கள் அதிகம். வழக்கமான ஸ்டார்லிங்க் டிஷ் 75 முதல் 100 வாட் இழுக்கும், எட்டு மணி நேரத்துக்கு 600 முதல் 800 வாட்-மணி. ரேடியோ லிங்க்கின் பள்ளிப்பக்கக் கருவியும் ரவுட்டரும் சேர்ந்து 20 வாட்டுக்குள் முடிந்துவிடும். சூரியத்தகடும் பேட்டரியும் வாங்கும் இடத்தில் இது நாலைந்து மடங்கு வித்தியாசம். டிஷ்ஷைப் பிரித்துப் பழுதுபார்க்க யாராலும் முடியாது, மாற்றுக் கருவி வரும்வரை பள்ளி இருளில்தான். உங்கள் நாட்டில் உரிமம் உள்ள சேவையா என்பதையும் முதலிலேயே உறுதிசெய்யுங்கள்.

இணையமில்லாப் பெட்டி

இணையம் இல்லாமலே பாடங்களைப் பள்ளிக்குள் வைஃபையில் வழங்கும் சிறு கணினி இது. ராஸ்பெரி பை 4 என்ற கையளவு கணினி, சேமிப்புக்கு ஒரு எஸ்எஸ்டி, வைஃபை பரப்ப ஒரு நல்ல ஆக்ஸஸ் பாயின்ட். இவ்வளவுதான். இணையமின்றிப் பக்கங்களைப் படிக்கவைக்கும் கிவிக்ஸ் மென்பொருளில் படங்களோடு ஆங்கில விக்கிப்பீடியா முழுவதும் 100 ஜிபிக்குச் சற்று மேல் பிடிக்கும், தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அதில் சிறு பங்கு போதும். கோலிப்ரி மென்பொருளில் பாட வீடியோக்களும் பயிற்சிகளும் இருக்கும், எந்த மாணவர் எதில் திணறுகிறார் என்பதும் ஆசிரியருக்குத் தெரியும். பெட்டி இழுப்பது பத்து வாட்டுக்கும் கீழே.

மூன்று இடங்களில் கவனம் வேண்டும். ராஸ்பெரி பை வழக்கமாக மெமரி கார்டிலிருந்து இயங்கும், திடீரென மின்சாரம் போனால் அது பாழாகும். அதனால் எஸ்எஸ்டியிலிருந்தே இயங்கச் செய்து, சிறு பேட்டரியும் வையுங்கள். ராஸ்பெரி பையின் சொந்த வைஃபையில் முப்பது பேரை ஏற்றவேண்டாம், திணறும். மூன்றாவது பலரைக் குழப்பும்: "இந்த வைஃபையில் இணையம் இல்லை" என்று கண்டுகொள்ளும் போன், தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பாடம் தொடங்கும்போதே மொபைல் டேட்டாவை அணைக்கச் சொல்ல வேண்டும்.

மற்ற நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தாலும் இந்தப் பெட்டியை முதலில் வையுங்கள் என்பதே எங்கள் கருத்து. முன்பெல்லாம் ரவுட்டருக்குப் பக்கத்தில் கேஷ் சர்வர் (ஒருமுறை இறக்கிய பக்கங்களைச் சேமித்துவைக்கும் கணினி) வைத்தால் திரும்பத் திரும்பப் பார்க்கும் பக்கங்களுக்கான டேட்டா மிச்சமாகும். இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் தகவலை மறையாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறிவிட்டதால் அந்த உத்தி பெரும்பாலும் பலிக்காது. பெட்டி அந்த இடத்தை நிரப்புகிறது. ஆனால் பெட்டி மட்டும் போதாது. அதில் படிக்கலாம், யாரையும் கேட்க முடியாது, எதையும் அனுப்ப முடியாது.

வகுப்பறைக்குள் வந்த பிறகு

ஆளுக்கொரு கணினியா, பூட்டிய கணினி அறையா, நாலு பேருக்கு ஒரு திரையா? பெரு நாட்டில் ஊரகத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்த திட்டத்தை 319 பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். கணினிப் பயன்பாடு பெருகியது, கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றத்துக்குச் சான்று கிடைக்கவில்லை. கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா 1999இல் தில்லியின் கால்காஜியில் சுவரில் பதித்த கணினியை ஆசிரியரே இல்லாமல் சூழ்ந்துகொண்ட பிள்ளைகள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து இயக்கப் பழகினார்கள். எங்கள் தேர்வு நாலு பேருக்கு ஒரு திரை. திரையைச் சுற்றி வாக்குவாதம் நடக்க வேண்டும்.

கொடுக்கும் கேள்வியும் இணையத்தில் விடை கிடைக்காததாக இருக்கட்டும். ஊரில் ஐந்து கிணறுகளைத் தேர்ந்து, வாரம் ஒரே கிழமையில், எடை கட்டிய அளவுநாடாவால் நீர்மட்டத்தை அளந்து, விரிதாளில் பதிந்து வரைபடம் போடச் சொல்லுங்கள். அடுத்தடுத்த கிணறுகளில் ஏன் வேறுபடுகிறது? இன்னொரு பள்ளியின் எண்களோடு ஒப்பிடும்போது இணைப்பின் பயன் பிள்ளைகளுக்கே தெரியும். இதற்கு வேண்டிய டேட்டா சில கிலோபைட்.

மாலையில் ஊராருக்கும் இணைப்பைத் திறந்துவிடுங்கள். மாதச் செலவில் ஒரு பங்கு அங்கிருந்து வரும், கம்பத்தில் யாரும் கைவைக்காமல் ஊரே பார்த்துக்கொள்ளும். தனி வைஃபை பெயர் கொடுத்து, ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் உள்ள ரவுட்டரில், வேகத்தை எல்லோருக்கும் சமமாகப் பகிரும் கேக் வரிசைமுறையை இயக்கி, அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை உச்சமாக வையுங்கள். ஒருவர் பெரிய கோப்பு இறக்கினாலும் மற்றவரின் அழைப்பு திக்காது. வேகத்தை அளப்பது கூட்டம் நிரம்பிய இரவு எட்டு மணிக்கு நடக்கட்டும். அதிகாலை அளவை நம்பவேண்டாம்.

கடைசியாக உதிரிப் பொருட்கள்: ஒரு மாற்று மின் அடாப்டர், பச்சை முனை பேட்ச் கேபிள் இரண்டு, முனை போட்ட 30 மீட்டர் வெளிப்புற நெட்வொர்க் கேபிள், சர்ஜ் தடுப்பான் ஒன்று, ரவுட்டர் அமைப்புகளின் நகல் உள்ள பென் டிரைவ். இவை தலைமையாசிரியர் அறையில் பூட்டிக் கிடந்தால் விடுமுறையில் உதவாது. பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் இருவரிடம் சாவி இருக்கட்டும்.