இருபது மெகாஹெர்ட்ஸ் இசட்80ன்னு நாலு சிப் வாங்கி நான் நாசமா போன கதை, ஆர்டர் போடறதுக்கு முன்னாடி படிச்சிருங்க

பழைய கம்ப்யூட்டர் கட்டற கிறுக்கு இருக்கறவங்க யாராவது இப்ப இசட்80 (பழைய எட்டு பிட் ப்ராசசர் சிப்) தேடிட்டு இருந்தீங்கன்னா ரெண்டு நிமிஷம் இதப் படிச்சிருங்க. காசா போனது 900 ரூபாதான், ஆனா மூணு வாரம் ராத்திரி தூக்கம் போச்சே அத யாரு குடுப்பா.

என்கிட்ட ஆர்சி2014ங்கற இசட்80 கிட் கம்ப்யூட்டர் மாதிரி ஒரு போர்டு இருக்கு, நானே சால்டர் பண்ணது, சிபி/எம்ங்கற பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓடும். பழைய போர்டுல இருந்து கழட்டுன 10 மெகாஹெர்ட்ஸ் சிமாஸ் (கரண்ட் கம்மியா குடிக்கற வகை) இசட்80 போட்டு 7.3728 மெகாஹெர்ட்ஸ்ல ஜம்முனு ஓடிட்டு இருந்துச்சு. கை சும்மா இருக்குமா, 20ல ஓட்டிப் பாக்கலாம்னு 20 மெகாஹெர்ட்ஸ் சிமாஸ் இசட்80ய, அதாவது இசட்84சி0020பிஇஜிங்கற நம்பர் சிப்ப தேட ஆரம்பிச்சேன். 1976ல வந்த இந்த குடும்பத்த ஜைலாக் கம்பெனி 2024 ஏப்ரல்ல நிறுத்தறோம்னு அறிவிச்சுட்டாங்க, கடைசி ஆர்டருக்கு அந்த வருஷம் ஜூன் 14 வரைக்கும்தான் டைம் குடுத்தாங்க. அதனால கிடைக்கும்போதே வாங்கிருவோம்னு ஒரு பதட்டம், நல்ல டிஸ்ட்ரிப்யூட்டர்கிட்ட ஒண்ணு வாங்கற காசுக்கு ஒரு ஆன்லைன் கடைல நாலு தராங்கன்னதும் யோசிக்கவே இல்ல, தட்டி விட்டுட்டேன்.

சிப் வந்துச்சு, பாக்க புத்தம் புதுசு. 7.3728ல போட்டா ஓடுது. இங்கதான் மாட்டிக்கிட்டேன். ஓடுதுல்ல, அப்ப ஒரிஜினல்தான்னு நினைச்சுட்டு 20 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் மாத்தினேன், ஸ்கிரீன்ல ஒண்ணும் வரல. சரி நம்ம சால்டரிங்தான் சொதப்பல்னு ராம் மாத்தினேன், சாக்கெட் மாத்தினேன், வேகமான ரோம் வாங்கினேன், ஒவ்வொரு ட்ராக்கா மீட்டர் வச்சு பாத்தேன். ஒரு நாள் தற்செயலா சிப் மேல விரல் பட்டுச்சு, சுடுது. சிமாஸ் இசட்80 இந்த ஸ்பீடுல இப்படி சுடாது, என்மாஸ்ங்கற பழைய வகைதான் கரண்ட்ட அப்படி குடிக்கும்.

அப்புறம்தான் அந்த பழைய டெஸ்ட் ஞாபகம் வந்துச்சு. இசட்80ல மேனுவல்ல எழுதாத ஒரு கட்டளை, ஹெக்ஸ்ல இடி 71. அத குடுத்தா என்மாஸ் சிப் போர்ட்டுக்கு 0 அனுப்பும், ஜைலாக் சிமாஸ் எஃப்எஃப் அனுப்பும். போர்ட்ல எட்டு எல்ஈடி இருந்தா போதும், முதல்ல ஹெக்ஸ் 55 அனுப்பி ஒண்ணு விட்டு ஒண்ணு எரிய வைங்க (இல்லன்னா ப்ரோக்ராம் ஓடவே இல்லையா, ஓடி அணைஞ்சுச்சான்னு தெரியாது), அப்புறம் இடி 71. 0 வந்தா எட்டும் அணையும், எஃப்எஃப் வந்தா எட்டும் எரியும். என் பழைய சிப்ல எட்டும் எரிஞ்சுது. புதுசுல மூணு சிப்ல எட்டும் அணைஞ்சுது. நாலாவது பாஸ்! ஆனா அதுவும் 12 மெகாஹெர்ட்ஸுக்கு மேல படுத்துருச்சு, ஏதோ மெதுவான சிமாஸ் சிப்புக்கு 20ன்னு பேரு மாத்திருக்கானுங்க. அதனால இந்த டெஸ்ட்ட மட்டும் நம்பாதீங்க, எழுதிருக்கற ஸ்பீடுல ஓட்டியே ஆகணும்.

சரி, பழைய எழுத்த மறைக்க மேல கருப்பு பெயிண்ட் அடிச்சிருக்கானுங்களான்னு பாக்கலாம்னு வீட்டம்மாவோட நெயில் பாலிஷ் ரிமூவர எடுத்து தேய்ச்சேன், ஒண்ணும் வரல, அப்பறம் பாட்டில்ல பாத்தா அசிட்டோன் இல்லாததுன்னு போட்டிருக்கு. நிஜ அசிட்டோன் வாங்கிட்டு வந்து தேய்ச்சதும் பஞ்சு கரிக்கட்ட மாதிரி ஆயிருச்சு, கீழ உப்புத்தாள் போட்டு தேய்ச்ச கோடு கோடா தெரியுது. ஒண்ணு சொல்லிடறேன், 70, 80கள்ல வந்த ஒரிஜினல் சிப்புலயே மையால அச்சடிச்ச எழுத்து அசிட்டோன்ல போகலாம். எழுத்து அழியறது பிரச்சன இல்ல, கருப்பு உரியுதான்னு பாருங்க. விலையுள்ள கலெக்‌ஷன் சிப்புன்னா மேல கை வைக்காம ஓரத்துல மட்டும் தொட்டுப் பாருங்க.

இப்ப யோசிச்சா கண்ணாலயே கண்டுபிடிச்சிருக்கலாம். மேல நாலுலயும் ஒரே தேதி கோடு, திருப்பிப் பாத்தா அடில நாலும் நாலு மாதிரி அச்சு. ஒன்னாம் கால் பக்கம் இருக்கற குழி வழவழன்னு இருக்கணும், இதுல பெயிண்ட் தேங்கி சொரசொரன்னு பாதி மூடிருக்கு. கால்ல புதுசா ஈயம் முக்கிருக்கு, சாக்கெட்ல இருந்த கீறலும் தெரியுது. அந்த தேதி கோடுதான் பெரிய காமெடி, 9432, அதாவது 1994ல 32வது வாரம். ஆனா சிப் நம்பர் முடிவுல இருக்கற பிஇஜில கடைசி ஜி ஈயம் இல்லாத சிப்புன்னு அர்த்தம், ஐரோப்பாவுல ஈயத் தடை 2006 ஜூலைலதான் வந்துச்சு. 1994 சிப்புக்கு பிஇசின்னு இருந்திருக்கணும். பொய் சொல்றவன் கொஞ்சம் படிச்சிட்டாவது சொல்லக் கூடாதா.

இதுல இன்னொரு கூத்து, இசட்80ய டிசைன் பண்ண இன்ஜினியர்கள்ல ஒருத்தரான மசடோஷி ஷிமா, காப்பியடிக்கறவன் மாட்டணும்னு சிப்புக்குள்ளயே பொறி வச்சவரு. மேல பெயிண்ட் அடிச்சு விக்கறவன அந்த பொறி என்ன பண்ணும் பாவம்.

கடைக்காரன்கிட்ட போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பினேன். "ஓடுதுன்னு நீங்களே சொல்றீங்களே சார்"னு பதில். ரெண்டு நாள் சண்ட போட்டதுக்கு 20 சதவீதம் திருப்பித் தரேன், முழு காசு வேணும்னா உங்க செலவுல பார்சல் அனுப்புங்கன்னான், பார்சல் செலவே 900க்கு மேல வருது. நேத்து போய் பாத்தேன், அதே போட்டோ, அதே 9432, விலை மட்டும் கூட்டி "கடைசி ஸ்டாக்"னு போட்டிருக்கான்.