படத்தில் எழுத்து: கையால் எழுதுவதா, வெட்டி ஒட்டுவதா?

ஓவியத்தில் சொற்களைச் சேர்க்கக் கற்றுத்தரும்போது இந்தக் கேள்வி தவறாமல் வரும்.

செலவு: இரண்டுக்கும் அதிகமில்லை. ஒன்றுக்குத் தூரிகை, மை. மற்றதற்குப் பழைய செய்தித்தாள், கத்தரிக்கோல், பசை.

எளிமை: "என் கையெழுத்து நன்றாக இருக்காதே" என்று தயங்கும் பிள்ளைக்கு ஒட்டுவதே நல்லது. எழுத்து தயாராக இருப்பதால், அதை எங்கே வைப்பது என்பதில் மட்டும் கண் நிற்கும். பசை தடவுமுன் பத்து இடங்களில் நகர்த்திப் பார்க்கலாம். தனித்தனி எழுத்தாக வெட்டினால் மெய்யெழுத்தின் புள்ளி போய்விடும். முழுச் சொல்லாக வெட்டச் சொல்லுங்கள்.

நீடித்து உழைப்பது: செய்தித்தாள் சீக்கிரம் மஞ்சளாகும். நல்ல தாளில் நிறமி மையால் (நுண்ணிய நிறத்துகள் கலந்த மை) எழுதியது நெடுநாள் நிற்கும்.

அர்த்தம்: எனக்கு முக்கியமானது இதுதான். 1912இல் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் படத்தில் தாள் ஒட்டத் தொடங்கினார்கள். ஒட்டிய செய்தித் துண்டு தன் பழைய வாழ்க்கையோடு, வேறொருவரின் குரலோடு வருகிறது. கையெழுத்து அப்படியல்ல, அது வரைந்தவரின் கோடாகவே ஆகிவிடுகிறது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையில் எழுத்து வாசிப்பதற்கு அல்ல, பார்ப்பதற்கே. இதை மாணவர்கள் உணரும் நாளில் வகுப்பே மாறிப்போகும்.

முதல் சில வகுப்புகளுக்கும் சமூகச் செய்தி சொல்லும் படங்களுக்கும் ஒட்டுதல். தன் கதையைச் சொல்ல விரும்பும் மாணவருக்குக் கையெழுத்துதான், கோணலாக இருந்தாலும்.