வெட்டிய ஸ்ட்ரிங்கைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம்

பேஸ் கிட்டாருக்கு ஸ்ட்ரிங்கோ ஆம்ப்போ (ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். என் காசு போனது போனதுதான்.

ஞாயிறுதோறும் கோயில் பாடற்குழுவில் வாசிக்கிறேன். நான்கு ஸ்ட்ரிங் பேஸ், 34 அங்குல ஸ்கேல், அதாவது ஸ்ட்ரிங் அதிரும் நீளம். இரண்டு வருடமாக மாற்றாத ஸ்ட்ரிங்கை ஈஸ்டருக்கு முன் மாற்றிவிடலாம் என்று டவுனில் ஒரு கடைக்குப் போனேன். (அமெரிக்க பேஸ் மேதை ஜேம்ஸ் ஜேமர்சன் அறுந்தால்தான் மாற்றுவாராம். அவர் போட்டது தட்டைக் கம்பி சுற்றிய ஃப்ளாட்வவுண்ட், அது வேறு கதை.) வெளிநாட்டு பிராண்டு, 45-105 தடிமன், உருண்டைக் கம்பி சுற்றிய நிக்கல் ரவுண்ட்வவுண்ட் செட். வேறு இடங்களில் இரண்டாயிரத்தை ஒட்டிச் சொன்னார்கள், இங்கே 850. "நமக்கு நேரா வருது தம்பி, அதான்" என்றார் கடைக்காரர். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். வீட்டில் பழக ஒரு சின்ன ஆம்ப் கேட்டதற்கு, 10 வாட் கிட்டார் ஆம்ப்பை எடுத்து வைத்து, "பேஸுக்கும் எல்லாரும் இதத்தான் கொண்டுபோறாங்க" என்றார். நம்பி அதையும் வாங்கினேன்.

நான்கையும் அளந்து வெட்டி மாட்டினேன். மெல்லிய ஜி ஸ்ட்ரிங் பரவாயில்லை. தடித்த ஈ ஸ்ட்ரிங் 'தொம்' என்றது, அதோடு சரி. 12-ஆவது ஃப்ரெட்டில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்கும் சுரமும் ட்யூனரில் ஒன்றாக நிற்க வேண்டும். ஸ்ட்ரிங் உட்காரும் சேடிலைக் கடைசிவரை தள்ளியும் நிற்கவில்லை. கிட்டாரில்தான் கோளாறோ என்று ஒரு நாள் முழுக்கத் திருப்புளியோடு மல்லுக்கட்டினேன். அப்புறம், தூக்கிப் போடாமல் வைத்திருந்த பழைய ஈ ஸ்ட்ரிங்கை மாட்டினால், கச்சிதமாகச் சேர்கிறது! ஸ்ட்ரிங்கின் மேல் சுற்றிய கம்பி சீராக இல்லாவிட்டால் இப்படித்தான் இழுக்கும். உறையை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். எழுத்தெல்லாம் மங்கல், பிராண்டு பெயரிலேயே ஓர் எழுத்து குறைவு.

கடைக்குத் திரும்பப் போனேன். "வெட்டின ஸ்ட்ரிங்க எப்படி சார் திரும்ப எடுக்கிறது?" வாங்கும்போது தம்பி, திருப்பும்போது சார்.

ஆம்ப் மூன்று வாரம் தாங்கியது. கிட்டாரின் தடித்த ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸ் என்றால் பேஸின் ஈ அதில் பாதி, 41. அந்தக் குட்டி ஸ்பீக்கர் 'கர்ர்' என்று இரைந்து இரைந்து கூம்பு கிழிந்துவிட்டது. அதையும் தூக்கிக்கொண்டு போனேன். "பேஸ் வாசிச்சீங்களா? அதான் சார் போயிருக்கு" என்கிறார், கூசாமல்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம் என்றால் கையில் இருப்பது 'மியூசிக் ஐட்டம் 2' என்று எழுதிய துண்டுச் சீட்டு. பில் கேட்டபோது "பில்லுன்னா ஜிஎஸ்டி சேர்ந்துடும்" என்றார், நானும் தலையாட்டினேன். நீங்கள் ஆட்டாதீர்கள். பொருளின் பெயர், மாடல், பேஸுக்கு என்ற வார்த்தை எல்லாம் பில்லில் வரட்டும். உறையில் லாங் ஸ்கேலா ஷார்ட் ஸ்கேலா என்று பாருங்கள். முதலில் ஈ ஸ்ட்ரிங்கை மட்டும் மாட்டிச் சோதித்துவிட்டு மற்ற மூன்றில் கட்டரை வையுங்கள்.

இப்போதைக்குப் பழைய ஸ்ட்ரிங்கையே பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, துடைத்து உலர்த்தி மாட்டியிருக்கிறேன். சில வாரம் ஓடும். 850 ரூபாய் செட்டைவிட நன்றாகத்தான் பேசுகிறது. பழகுவதற்கு, ஜாக்கில் நேரே செருகும் ஹெட்ஃபோன் ஆம்ப், பேஸுக்கென்றே செய்தது. வேறு கடை, முழு பில்.