வெண்டர் சர்வர் அப்கிரேட் செய்து கொடுத்தார், லைசென்ஸ் வாங்கவே இல்லை – உங்கள் சர்வரை இன்றே பார்த்துவிடுங்கள்

கோவையில் ஒரு ஃபவுண்டரியில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். எங்களுக்கு நேர்ந்தது இன்னொரு கம்பெனிக்கு நேரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் மூன்று சர்வர்கள், மூன்றிலும் விஎம்வேர் 6.7 (ஒரே சர்வரில் பல விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது மென்பொருளால் ஆன கணினிகளை, ஓட்டும் மென்பொருள்). அதற்கான சப்போர்ட் 2022 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. 7க்குப் போக வேண்டும் என்றால் பழைய கீ (லைசென்ஸ் எண்) செல்லாது. சப்போர்ட் காண்ட்ராக்டைப் புதுப்பித்தால்தான் புதுக் கீ கிடைக்கும். லைசென்ஸ், வேலை இரண்டுக்கும் சேர்த்து 4 லட்சத்து 20 ஆயிரம் என்றார் வெண்டர். பணம் முழுவதும் முன்கூட்டியே வேண்டும் என்றார். பல வருடப் பழக்கம், கொடுத்துவிட்டோம்.

2023 ஆயுத பூஜை லீவில் இரண்டு பையன்களை அனுப்பினார். ஞாயிறு சாயங்காலத்துக்குள் மூன்று சர்வரையும் 7க்கு ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினின் ஹார்ட்வேர் வெர்ஷனையும் (அந்த மெஷின் எந்த விஎம்வேர் பதிப்பில் ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) எங்களைக் கேட்காமலே உயர்த்தியிருந்தார்கள். லீவு முடிந்து கம்பெனி திறந்தபோது எல்லாமே நன்றாக ஓடியது. கீ எங்கே என்று கேட்டேன். "போட்டாச்சு சார், மெயில் ரெண்டு நாள்ல வந்துடும்" என்றார் வெண்டர். மெயில் வரவே இல்லை. நான் விடாமல் கேட்டிருக்க வேண்டும்.

உண்மையில் கீயே போடவில்லை. 6இலிருந்து 7க்கு ஏற்றியதும் சர்வர் தானாக 60 நாள் சோதனைக் காலத்துக்குள் போய்விடும். அந்த 60 நாளும் எல்லா வசதியும் திறந்தே இருக்கும், எந்தக் குறையும் தெரியாது.

டிசம்பர் 21 ராத்திரி அந்தக் கெடு முடிந்தது. மூன்று சர்வரும் விசென்டரிலிருந்து (எல்லா சர்வரையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விஎம்வேர் மென்பொருள்) துண்டிக்கப்பட்டன. ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் நிற்கவில்லை என்பதால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பேக்கப் மட்டும் அன்று ஓடவில்லை. காலையில் அதை நெட்வொர்க் கோளாறு என்று நினைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். மத்தியானம் கரண்ட் போனது, ஜெனரேட்டர் எடுக்கவில்லை, யுபிஎஸ் இருபது நிமிடத்தில் இறங்கிவிட்டது. கரண்ட் வந்த பிறகு ஈஆர்பி (கம்பெனியின் கணக்கு, சரக்கு எல்லாம் பார்க்கும் மென்பொருள்) ஓடும் மெஷினை ஆன் செய்தால், லைசென்ஸ் காலாவதி என்று ஒரு வரி. ஒரு மெஷினும் எழவில்லை. எடைமேடையில் ஸ்கிராப் லாரி நின்றிருந்தது. செக்யூரிட்டி அண்ணன் நோட்டில் பேனாவால் எடை எழுதிக்கொண்டிருந்தார்.

அதற்குள் புதுக் கீ வாங்கும் வழியும் அடைபட்டுவிட்டது. 2023 நவம்பர் 22 அன்று விஎம்வேர் கம்பெனி பிராட்காம் என்ற கம்பெனியின் கைக்குப் போனது. டிசம்பர் 11 அன்று நிரந்தர லைசென்ஸ் விற்பனையும், அதற்கான சப்போர்ட் புதுப்பித்தலும் நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. இனிமேல் சந்தா மட்டும்தான், அதுவும் கோர் (பிராசஸருக்குள் இருக்கும் கணிப்பு அலகு) கணக்கில். ஒரு பிராசஸருக்குக் குறைந்தது 16 கோர். எங்களுடையது 8 கோர் பிராசஸர்கள் ஆறு. இருப்பது 48 கோர், கட்ட வேண்டியது 96க்கு. அக்டோபரிலேயே அவர் ஆர்டர் போட்டிருந்தால் கீ எங்கள் பெயரில் நிரந்தரமாக இருந்திருக்கும். பணம் போனதைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

பழைய 6.7 கீ எங்களுடையது, அதுதான் காப்பாற்றியது. ஒரு சர்வரில் 6.7ஐப் புதிதாகப் போட்டேன். ஹார்ட்வேர் வெர்ஷன் உயர்த்தப்பட்ட மெஷின்களை அது ஏற்கவில்லை. அதனால் ஒவ்வொன்றுக்கும் புது மெஷின் உருவாக்கி, ஸ்டோரேஜில் இருந்த பழைய டிஸ்க்கை மட்டும் இணைத்தேன். ஈஆர்பி எழும்போது விடியற்காலை நாலு மணி.

தயவுசெய்து விசென்டரில் லைசென்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கீக்குப் பதிலாக 'எவால்யுவேஷன்' (சோதனைக் காலம்) என்று இருந்தால் அன்றைக்கே வெண்டரைக் கூப்பிடுங்கள். லைசென்ஸ் உங்கள் கம்பெனி மெயிலில், உங்கள் கணக்கில் தெரிய வேண்டும். வெண்டர் கணக்கில் இருக்கிறது என்றால் நம்பாதீர்கள். பில்லையும் வாசியுங்கள். எங்கள் பில்லில் 'மென்பொருள் சேவைக் கட்டணம்' என்று மட்டும் இருந்தது. லைசென்ஸின் பெயரோ எண்ணிக்கையோ இல்லை. வக்கீல் அதைத்தான் முதலில் சுட்டிக்காட்டினார்.

நோட்டீஸ் போன பிறகு 1 லட்சத்து 50 ஆயிரம் திரும்ப வந்தது. மீதியைக் கேட்டால் "வேலைக்கான கூலி சார் அது" என்கிறார். இப்போது ஒவ்வொரு மெஷினாக, விஎம்வேருக்கு மாற்றான பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். ஈஆர்பி மட்டும் இன்னும் 6.7இல்தான் இருக்கிறது.