காரங்காடு படகுச் சவாரி: பழைய ஹாஸ்டல் தோழிகளுக்குச் சரிப்படுமா?

முப்பது வருடம் கழித்து ஹாஸ்டல் தோழிகள் எட்டுப் பேர் கூடினால் முதலில் வேண்டியது பேச ஓர் இடம். ராமநாதபுரம் பக்கம் வந்தால் எல்லோரும் தனுஷ்கோடிக்குத்தான் வண்டி பிடிக்கிறார்கள். அங்கே கடைசி முனையான அரிச்சல்முனையில் அடிக்கிற காற்றில் பக்கத்தில் நிற்பவள் சொல்வதே காதில் விழாது, ஒதுங்க நிழலும் இல்லை. ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடினால் ஈரத்துணியோடு வரிசையிலேயே காலைப்பொழுது போய்விடும். காரங்காட்டில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

தேவிபட்டினம் தாண்டித் தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவர் ஊர் அது. அலையாத்தி (மாங்குரோவ்) காட்டுக்குள் படகு விடுவதை வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். சமைப்பது ஊர்ப் பெண்கள். ரயிலில் வருகிறவர்கள் ராமநாதபுரத்தில் இறங்கி வேன் எடுத்தால் போதும். பாம்பன் தாண்டி ராமேஸ்வரம் வரை போய்த் திரும்புவது வீண் அலைச்சல்.

காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் மேலே ஒரு சூடு, தண்ணீரிலிருந்து ஒரு சூடு. இங்கே கடல் ஆழமில்லாதது. நீர் வற்றிய நேரத்தில் படகின் அடி சேற்றில் தட்டும், கழி ஊன்றித் தள்ளித்தான் நகர்த்துவார்கள். ஆகவே முன்பதிவு செய்யும்போதே, "அன்னைக்கு ஏத்தம் எப்போ?" என்று, அதாவது கடல் நீர் ஏறும் நேரத்தை, கேட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் தேதி குறிக்காதீர்கள். எட்டுப் பேரின் லீவும் ஒரே மழையில் போய்விடும்.

ஆட்கள் இரண்டு படகாகப் பிரிய நேர்ந்தால், பழைய ரூம்மேட்களை ஒரே படகில் ஏற்ற வேண்டாம். அவர்கள் வாட்ஸ்அப்பில் தினமும் பேசுகிறவர்கள். அதிகம் தொடர்பில் இல்லாதவளை நடுவில் உட்கார வையுங்கள்.

துடுப்புப் படகான கயாக்கும் உண்டு. இருவர் ஏறினால், கனமானவர் பின்னால் உட்கார வேண்டும், திருப்புவது அவர் வேலை. முன்னால் இருப்பவர் போடும் வேகத்துக்கே பின்னால் இருப்பவரும் துடுப்புப் போட வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் இருவரும் ஒரே பக்கமே போட்டுக்கொண்டிருந்தால் படகு வட்டமடித்துப் புதரில் செருகிக்கொள்ளும். கிளையைப் பிடித்து இழுக்காமல் துடுப்பால் பின்னோக்கித் தள்ளினால் வெளியே வந்துவிடும். எக்காரணம் கொண்டும் கீழே இறங்காதீர்கள்: சேறு காலை உள்ளே இழுக்கும், சேற்றுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் குத்தும். மூட்டுவலி உள்ளவர்களுக்குத் துடுப்பு கஷ்டமில்லை, தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவதுதான் கஷ்டம். அவர்கள் பெரிய படகிலேயே போகட்டும்.

சேலை வேண்டாம், சுடிதார் போதும். உயிர்காப்புச் சட்டையை மாட்டும் முன் துப்பட்டாவைத் தலையோடு கட்டிவிடுங்கள். தொப்பி என்றால் தாடையோடு கட்டும் கயிறு வேண்டும். படகேறும் முன்பே கழிப்பறைக்குப் போய்வருவது நல்லது, காட்டுக்குள் அதற்கு வழியில்லை.

சாப்பாட்டை முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். நேரில் போய்க் கேட்டால் இருப்பதுதான் கிடைக்கும். நண்டில் ஏமாறாதீர்கள்: பச்சையாக ஒரு கிலோ வாங்கினால் சதை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தேறும். எட்டுப் பேருக்கு, மீனும் இறாலும் கூட இருந்தால், மூன்று கிலோ சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் விலை கூடும். புரட்டாசி விரதக்காரர், இறால் ஒவ்வாதவர் யார் யார் என்று முன்கூட்டியே எண்ணிச் சொல்லுங்கள். நண்டு உடைத்துத் தின்ன நேரம் பிடிக்கும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தட்டு முன்னால் வந்த பிறகே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

பணத்தை ஒருத்தியிடம் முன்பே சேர்த்து ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேரும் போனை எடுத்துக் கணக்குப் பார்த்தால் அரை மணி நேரம் காலி. வேனைத் திரும்ப வரச் சொல்லும்போது நினைத்ததைவிட ஒரு மணி நேரம் தள்ளியே சொல்லுங்கள், கை கழுவிய பிறகுதான் நிஜமான பேச்சு ஆரம்பிக்கும்.