356 என்று விடை போட்டால் என்ன சொல்கிறது? ஓர் ஆன்லைன் கணக்குப் பாடத்தோடு மூன்றாவது வருடம்

ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆன்லைன் கணக்குப் பாடம் ஒன்றுக்கு மூன்றாவது வருடமாகச் சந்தா கட்டுகிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. பாராட்டினால் விளம்பரம் என்பார்கள், குறை சொன்னால் வம்பு. இதில் வந்திருக்கும் புது வசதிகள் இப்போது வேறு செயலிகளிலும் வரத் தொடங்கிவிட்டன. எதை வாங்கினாலும் எந்த வசதிக்குக் காசு கொடுக்கலாம், எதை அணைத்து வைக்கலாம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

தஞ்சாவூர் மாவட்டப் பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். 2021 கடைசியில், பிள்ளைகளுக்குச் சாயங்காலம் வீட்டருகே பாடம் சொல்லும் அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். அந்தப் பழக்கம் அப்படியே டியூஷனாகத் தொடர்ந்துவிட்டது. பிள்ளைகள் இன்னும் அக்கா என்றே கூப்பிடுகிறார்கள். இரண்டு பழைய டேப், என் போன், திண்ணையில் ஒரு பிளக் பாயிண்ட், இவ்வளவுதான் வசதி.

பழைய பதிப்பில் எல்லாமே நாலு விடையில் ஒன்றைத் தொடும் வகை. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். 37 × 40 என்று கேட்டால், கடைசியில் சைபர் உள்ள விடை எது என்று மட்டும் பார்த்துத் தொட்டுவிடுவார்கள். பச்சை டிக் விழும், நட்சத்திரம் கொட்டும், பெருக்கல் மட்டும் வந்திருக்காது. வாரக் கடைசியில் எனக்கு வரும் அறிக்கையில் 80 சதவீதம் சரி என்றிருக்கும். மீதி 20 ஏன் தப்பாயிற்று என்பதற்கு அதில் இடமே கிடையாது.

போன வருடம் வந்த புதுப் பதிப்பில் நிறையச் சேர்த்திருக்கிறார்கள். கட்டிய காசுக்குத் தகும் என்று தயங்காமல் நான் சொல்வது படிப்படியாகக் கணக்குப் போடும் பலகையைத்தான். நூறு, பத்து, ஒன்று என்று தலைப்பிட்ட கட்டங்கள் திரையில் வரும். பிள்ளை ஒவ்வொரு இலக்கமாக எழுத வேண்டும். கடன் வாங்கினால் பக்கத்து இலக்கத்தை அடித்துவிட்டு அதன் மேலே புது எண் போட வேண்டும். விடையை மட்டும் எழுதினால் ஏற்காது.

நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் 52-இல் 27 போக 35 என்று போட்டான். 402-இல் 158 போக 356 என்று போட்டான். வீட்டில் பார்த்தால் இதற்குக் கவனக்குறைவு என்று பேர். ஒழுங்கா பாத்துப் போடுடா என்று தலையில் ஒரு தட்டு விழும். பலகை அப்படி விடவில்லை. இதே மாதிரி சில கணக்குகள் ஆனதும், ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கிறார் என்று எனக்கு ஒரு குறிப்பு வந்தது. அவனையே கேட்டேன்.

"ரெண்டுலேருந்து ஏழு போகாதுக்கா. அதான் ஏழுலேருந்து ரெண்ட எடுத்துட்டேன்."

சின்ன வகுப்பில் பெரிசிலிருந்துதான் சின்னதைக் கழிக்கணும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதை அவன் அட்சரம் பிசகாமல் காப்பாற்றுகிறான், அவ்வளவுதான். இது இன்று கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-லேயே கழித்தலில் பிள்ளைகள் செய்யும் தப்புகளை ஆராய்ந்து எழுதினார்கள். பல தப்புகள் தாறுமாறாக வருவதில்லை, தவறான விதி ஒன்றை ஒழுங்காகப் பின்பற்றுவதால்தான் வருகிறது என்பது அதன் சாரம். அந்தத் தப்பு விதிகளைப் பட்டியலிட்டு, எந்தப் பிள்ளை எதைப் பின்பற்றுகிறது என்று கண்டுபிடிக்கும் நிரலையும் அப்போதே எழுதிவிட்டார்கள். அது எங்கள் திண்ணைக்கு வந்து சேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

குறிப்பு வந்ததோடு நிற்காமல், அந்தப் பிள்ளைக்குத் திரையில் குச்சிக் கட்டுகள் வருகின்றன. 52 என்றால் ஐந்து பத்துக் கட்டு, இரண்டு உதிரி. ஒரு கட்டைத் தட்டினால் பிரிந்து பத்துக் குச்சியாகும். நம் பாடப் புத்தகத்தின் இனமாற்றம்தான். ஆனாலும் விரலால் தட்டிப் பிரிப்பதும் கையால் பிரிப்பதும் ஒன்றில்லை. விளக்குமாற்றில் உருவிய ஈர்க்குச்சியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன், அது இல்லாமல் நான் விடுவதில்லை. 402-இல் நடுவில் சைபர் இருப்பதால் நூறிலிருந்து பத்துக்கு, பத்திலிருந்து ஒன்றுக்கு என்று இரண்டு தடவை பிரிக்க வேண்டும். மேலே 3, 9, 12 என்று வந்து நின்று, அப்புறம் 244 வரும். சைபரிடமே ஒன்றும் இல்லையே, அதனிடம் எப்படிக் கடன் வாங்குவது என்ற குழப்பம் தீர்ந்தது கட்டைக் கையால் பிரித்த பிறகுதான்.

பலகையில் ஒரு குறை உண்டு. மனக்கணக்காகவே போடத் தெரிந்த பிள்ளையையும் அடித்து எழுதச் சொல்லிப் பிடித்துவைக்கிறது. படிகளைத் தாண்டிப்போக அனுமதிக்கலாம், ஆனால் வகுப்பு முழுவதற்கும் சேர்த்துத்தான். ஒரு பிள்ளைக்கு மட்டும் என்று முடியாது. கெட்டிக்காரப் பெண் ஒருத்தி இதனாலேயே டேப்பைத் தொடமாட்டேன் என்கிறாள். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது.

அடுத்தது, சேர்ந்ததும் வைக்கும் நிலை அறியும் தேர்வு. ஐந்தாம் வகுப்பு என்று பதிந்தாலும், கழித்தலே வராவிட்டால் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அரசுப் பள்ளிகளில் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்களே, அதே யோசனைதான். டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து நடந்து 2019-இல் வெளியான ஆய்விலும் இதைத்தான் பார்க்கிறோம்: ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டு வகுப்புக்கும் மேல் பின்தங்கியிருந்தார்கள்; அவரவர் நிலையிலிருந்து பாடம் கொடுத்தபோது நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பெற்றோருக்கு மட்டும் இது பிடிப்பதில்லை. "அஞ்சாவது படிக்கிறவளுக்கு மூணாவது கணக்கு எதுக்கும்மா குடுக்குற?" என்று ஓர் அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். இப்போது திரையில் வகுப்பு எண் தெரியாமல் மறைக்க ஒரு அமைப்பு இருக்கிறது. நான் மறைத்துவிட்டேன்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரண்ட் போனால் டவரும் சேர்ந்து போய்விடும். வாரப் பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கும் வசதி அதற்குப் பெரிய உதவி. ஒரே பிள்ளை இரண்டு டேப்பில் போட்டால் மட்டும், நெட் வந்ததும் பிந்திப் போட்டது நிற்கும், முந்தியது அழிந்துவிடும். ஒரு பிள்ளைக்கு ஒரு டேப் என்று வைத்துக்கொண்டால் தொல்லையில்லை.

தமிழ்க் குரல் சேர்த்திருக்கிறார்கள். முழு எண்களைச் சுத்தமாகப் படிக்கிறது. 1/4 வந்தால் "ஒன்று சாய்கோடு நான்கு" என்கிறது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த இன்னொன்று, நாமே கணக்கு எழுதிச் சேர்க்கலாம். அதற்கு முன் பின்னம் என்றாலே பீட்சாதான். எங்கள் பிள்ளைகள் பீட்சாவே பார்க்காதவர்கள் என்று சொல்லமாட்டேன், கும்பகோணம் போனால் கிடைக்கிறது. ஆனால் மூன்று மா ஒரு ஏக்கர் என்பது நடவும் அறுப்பும் பேசுகிற எந்த வீட்டிலும் தினம் காதில் விழுவது. மாமா ஒரு ஏக்கரில் இரண்டு மா குறுவை நட்டார், நடாத பங்கு எவ்வளவு என்று எழுதிப் போட்டேன். மூன்றில் ஒன்று என்று உடனே வந்தது.

கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு 40 கிலோ, 37 மூட்டை போட்டால் எத்தனை கிலோ என்றும் ஒரு கணக்கு உண்டு. 1480 என்று போடுவதற்கு முன் ஒருத்தி, "சாக்கு எடையும் சேத்தாக்கா?" என்று கேட்டாள். அவள் அப்பா எடை போடும்போது பக்கத்தில் நின்றிருப்பாள் போலிருக்கிறது.

பாசனத்துக்கு மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் இங்கே எல்லார் வாயிலும் அதன் நீர்மட்டம்தான். அதையும் சேர்த்தேன்: முழு மட்டம் 120 அடி, இன்றைக்கு 87 அடி, நிரம்ப இன்னும் எத்தனை அடி வேண்டும்? மேலே சொன்ன பையன் தன் பழைய விதிப்படியே 167 என்று போட்டான். போட்ட கையோடு நிமிர்ந்து, "மொத்தமே 120 தானேக்கா, எப்படி 167 வரும்?" என்று அவனே கேட்டான். குச்சிக் கட்டு, பலகை, என் விளக்கம் எதுவும் இவ்வளவு சீக்கிரம் அவனை நிறுத்தியதில்லை. பிறகு 33 வந்தது. 33 அடி என்று அலகோடு எழுதினால் முதலில் தவறு என்று காட்டியது. எழுதிக் கேட்டதில் இப்போது அலகுக்குத் தனிப்பெட்டி கொடுத்திருக்கிறார்கள்.

பழைய கணக்குகளைச் சில நாள் இடைவெளி விட்டு மறுபடி கேட்கும் மீள்பார்வை நன்றாக இருக்கிறது. அரட்டை உதவியாளர் என்று ஒன்று வந்திருக்கிறது. ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் பதில் எழுதுகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதை எங்கே படிக்கும்? அணைத்துவிட்டேன்.

வேகப் போட்டியையும் அணைத்துவிட்டேன். ராமானுஜன் பிறந்தநாளான டிசம்பர் 22 தேசிய கணித தினம் என்பதால் அன்றைக்கு அவர் படத்தோடு ஒரு பதக்கம் வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை கணக்கு என்று ஓட விடுகிறார்கள். அவர் வளர்ந்த கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு எங்களுக்கு ஒரு பஸ் தூரம், அதனால் பிள்ளைகளுக்கு அந்தப் பதக்கத்தின் மேல் தனி ஆசை. ஆனால் போட்டியில் பலகை கிடையாது, பழையபடி நாலு விடைதான். ஒரு வாரம் ஓடினால் போதும், சைபர் பார்த்துத் தொடும் பழக்கம் திரும்ப வந்துவிடுகிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு: எந்தச் செயலியானாலும் முதல் சில நாள் இலவசமாகக் கொடுப்பார்கள். அதில் 402-இல் 158 போகும் கணக்கை எடுத்து, வேண்டுமென்றே 356 என்று விடை கொடுங்கள். தவறு, மீண்டும் முயற்சி செய் என்பதோடு நின்றுவிட்டால் சந்தா கட்ட வேண்டாம். ஒன்றாம் இடத்தில் நீ எதிலிருந்து எதைக் கழித்தாய் என்று கேட்டால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பாருங்கள். வருடச் சந்தா அப்புறம்.