விலை ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த வரி

சேலத்தில் ரிமோட் விமானம், ட்ரோன் ஓட்டுபவர்களும் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பவர்களும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன மாதம் அக்கா மகனின் விமானத்துக்கு பேட்டரி வாங்க டவுனில் ஒரு கடைக்குப் போனேன். மூன்று செல் பேக், கொள்ளளவு 2200 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி), பெரிய எழுத்தில் 30சி. எத்தனை ஆம்பியரில் சார்ஜ் போடுவது என்று கேட்டேன். "30சி போட்டிருக்கே சார், தாராளமா 6 ஆம்பியர் வைங்க, அரை மணி நேரத்துல ஏறிடும்" என்றார் கடைக்காரர். அந்த வேகத்துக்கு வேண்டும் என்று பெரிய சார்ஜர் ஒன்றையும் சேர்த்து விற்றார். பில் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டு.

மூன்றாவது தடவை சார்ஜ் போட்டபோது, "மாமா, பேட்டரி உப்பிடுச்சு" என்று பையன் கத்தினான். தட்டையாக இருந்த பேக் பூரி மாதிரி எழும்பி நின்றது. தொட்டால் சுட்டது. பிளக்கைப் பிடுங்கி, பேக்கை இடுக்கியால் தூக்கி மொட்டை மாடியில் மணல் வாளிக்குள் போட்டேன். தீப்பிடிக்கவில்லை. பக்கத்திலேயே பையன் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

ஆறிய பிறகு விலை ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தேன். அதற்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: அதிகபட்ச சார்ஜ் 1சி.

கடைக்காரர் காட்டிய 30சி, மோட்டார் ஓடும்போது பேட்டரி எவ்வளவு வேகமாகக் கொடுக்கலாம் என்பதன் அளவு. ஏற்றும் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. 1சி என்றால் பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவோ அவ்வளவு ஆம்பியர். 2200 எம்ஏஎச்சுக்கு 2.2, 1300க்கு 1.3, 5000க்கு 5. முழுதாக ஏற ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், ஆகட்டும். நான் வைத்த 6 ஆம்பியர் கிட்டத்தட்ட 2.7சி. அந்த வேகத்தில் ஏற்றினால் லித்தியம் செல்லின் எதிர்முனைத் தகட்டுக்குள்ளே போய் அடங்க நேரமில்லாமல் தகட்டின் மேலேயே உலோகமாகப் படிகிறது. சூடேறி உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகிறது. உப்புவது அதனால்தான். 2சி, 5சி வரை தாங்கும் பேக்குகளும் உண்டு, ஆனால் அது லேபிளில் எழுதியிருக்க வேண்டும். எழுதியில்லை என்றால் 1சி, அவ்வளவுதான்.

சார்ஜரில் லிப்போ மோடு, செல் எண்ணிக்கை இரண்டையும் சரிபாருங்கள். எல்லா செல்லும் சமமாக ஏற உதவும் சின்ன வெள்ளை பேலன்ஸ் வயரையும் மாட்டுங்கள். ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மூன்று செல்லுக்கு 12.6. பறந்து முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியை உடனே மாட்டாதீர்கள், நம்ம ஊர் ஏப்ரல் வெயிலில் கண்டிப்பாக வேண்டாம். சில நாள் சும்மா கிடக்கப் போகிறதென்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். உப்பியதை ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தீப்பிடித்துவிடும்.

திரும்பக் கொண்டுபோனபோது, "நீங்கதான் தப்பா செட் பண்ணிட்டீங்க" என்றார். துண்டுச் சீட்டைக் காட்டினால் அது பில்லே இல்லையாம். சார்ஜரையும் வாங்கிக்கொள்ளவில்லை. அங்கே தொங்கிக்கொண்டிருந்த மற்ற பேக்குகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே இடத்தில்தான் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.